எட்டுப் பேருக்குச் சுக்கான் பிடித்த மகளுக்கு

அன்பு மகள் ஜெனி,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் கதிரையில் சாய்ந்த நேரம் நீ போன் எடுத்தாய். ஒரு வருடம் வெளிநாட்டில் படகோட்டப் பயிற்சியாளருக்குப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னாய். சொன்ன குரலில் சந்தோசமே இல்லை. "நான் போகவோ அப்பா? உங்களுக்குத் திரும்ப நெஞ்சு நோ வந்தால் அம்மா தனிய என்ன செய்வா?" என்று கேட்டாய். நான் "உன்ர விருப்பம் பிள்ளை" என்று சொல்லிப் போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும். பதிலை இதில் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொல்லக்கூடிய பதில் அல்ல, ஆறுதலாக வாசி. ஓரிடத்தில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் மிச்சத்தையும் வாசித்து முடி.

நீ கொழும்புக் கம்பசுக்குப் போன முதல் வருடம், சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்காது, "அப்பா, நான் இஞ்ச வள்ளம் ஓடுற குழுவில சேர்ந்திட்டன்" என்று சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நம் ஊர் பள்ளிமுனையில், வள்ளத்தை வீட்டிலிருந்து பார்க்கக்கூடிய தூரத்தில் கட்டிவைத்திருந்தவனின் மகள் நீ. உன்னை நான் ஒரு நாளும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை. பத்து வயதில் கேட்டாய், பன்னிரண்டில் கேட்டாய். நேவிக்காரன் பாஸ் இல்லாமல் விடமாட்டான் என்று சொன்னேன். அந்த நாளில் அது உண்மைதான். ஆனால் சண்டை முடிந்து, பாஸும் இல்லாமல் போன பிறகு நீ இன்னொரு தரம் கேட்டாய். அப்போதும் நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு வள்ளத்தில் வேலை இல்லை என்பதுதான் என் நினைப்பு. பாஸ் எனக்கு வசதியான காரணமாக இருந்தது, அவ்வளவுதான்.

உன் உயரத்தைப் பற்றியும் எங்களுக்குக் கவலை இருந்தது. பள்ளிக்கூட வரிசையில் எந்த வகுப்பிலும் முதல் ஆளாய் நிற்பாய். முட்டை, பால்மா, முருங்கையிலை என்று அம்மா கொடுக்காதது இல்லை. நீ வளரவில்லை, குரல் மட்டும் வளர்ந்தது. கம்பசில் துடுப்புப் பிடித்து வள்ளம் வலிக்க உயரமான பிள்ளைகளைத்தான் தேடினார்களாம். சிநேகிதிக்குத் துணையாகப் போய்க் கரையில் நின்ற உன்னைக் கோச் கூப்பிட்டு, "நீ சத்தம் போடுவாயா?" என்று கேட்டாராம். நீ போட்ட சத்தத்தில் வாவிக்கரையில் நின்ற நாய் எழும்பி ஓடியதாம். இதை நீ சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. எனக்கு விளங்கவில்லை.

"அப்ப நீ தண்டு வலிக்கிறேல்லையோ?"

"இல்லையப்பா. எட்டுப் பேர் வலிப்பினம். நான் பின்னுக்கு இருந்து சுக்கான் பிடிக்கிறனான். கொக்ஸ் எண்டு சொல்லுறது."

"எட்டுப் பேர் வலிக்க ஒருத்தி சும்மா இருக்கிறதோ? அது என்ன வேலை?"

"சும்மா இல்லையப்பா. அவை எல்லாரும் போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிற ஆக்கள். முன்னுக்கு என்ன இருக்கெண்டு எனக்கு மட்டும்தான் தெரியும்."

நாற்பது வருடம் கடலில் போய்வந்தவனுக்கு நீ பாடம் சொல்லித் தருகிறாய் என்று நினைத்தேன். அம்மாவுக்கு வேறு கவலை. கொக்ஸ் குறித்த நிறைக்குக் குறைந்தால் மிச்சத்துக்கு மணல் பையை வள்ளத்தில் வைப்பார்கள் என்று நீ சொல்லிவிட்டாய். "என்ர பிள்ளைக்கு மணல் மூட்டையோ?" என்று அவவுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அந்த மாதத்திலிருந்து கொழும்பு பஸ்ஸில் உனக்குப் பார்சல் வந்தது நினைவிருக்கும். அரியதரம், எள்ளுருண்டை, பொரித்த பாரைக் கருவாடு. நிறை கூடினதோ இல்லையோ, உன் அறையில் இருந்த சிங்களப் பிள்ளைகள் கருவாட்டுக்குத் தங்களுக்குள் அடிபட்டார்கள் என்று பிறகு அறிந்தோம்.

உன் முதல் பெரிய போட்டிக்கு நான் வந்தது உனக்குச் சொல்லாமல். நம்மிடம் மீன் எடுக்கிற நூர்தீன் நானா கொழும்புக்கு லொறி கொண்டு போகிறவர். "வாங்க, புள்ளயப் பாத்துட்டு வருவம்" என்று அவர்தான் இழுத்துக்கொண்டு வந்தார். கொழும்பு நடுவில் கிடக்கிற பேரை வாவியைப் பார்த்ததும் எனக்கு மனம் விட்டுப்போனது. பச்சைத் தண்ணீர், சுற்றிவரக் கட்டடம், அதற்குள் ஒரு வள்ளம், ஊசி மாதிரி ஒடுக்கமாக. இதைக் கடலில் விட்டால் முதல் அலையிலேயே இரண்டாக முறியும் என்று நானாவிடம் சொன்னேன். பிறகு நீங்கள் புறப்பட்டீர்கள். எட்டுத் தண்டும் ஒன்றாய் விழுந்து ஒன்றாய் எழும்பின. அந்த ஓட்டத்தை என் வாழ்நாளில் நான் எந்த வள்ளத்திலும் கண்டதில்லை. எஞ்சின் இல்லாமல் ஒரு வள்ளம் அப்படிப் போகும் என்று யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

பாதி தூரத்தில் காற்று மாறியது. தண்ணீரின் மேல் தோல் சுருங்கினதிலேயே எனக்குத் தெரிந்தது. சோளகக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது, பிடி, பிடி என்று நான் கரையில் நின்று முணுமுணுக்கிறேன். நீ பிடித்தாய், ஆனால் பிந்திவிட்டாய். உங்கள் வள்ளம் பக்கத்து வள்ளத்தின் பாதைக்குள் போய்த் தண்டோடு தண்டு அடிபட்டது. கொடியை உயர்த்தி உங்களைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கரைக்கு வந்தபோது இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். நெட்டைப் பிள்ளை ஒருத்தி தண்டைத் தூக்கிப் புல்லில் எறிந்தாள். நீ நேராகக் கோச்சின் முன்னால் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிங்களத்தில் ஏதோ சொன்னாய்.

"என்னவாம் நானா?"

"புள்ள தன்ட பிழையெண்டு சொல்லுது. காத்துத் தள்ளினதப் பிந்தித்தான் கண்டனான், மத்த ஆக்களில பிழையில்லண்டு சொல்லுது."

எனக்குக் கோபம் வந்தது. "காத்துக்கு இவள் என்ன செய்வாள்? ஏன் எல்லாத்தையும் தன்ர தலையில போடுறாள்?" என்றேன்.

"காத்தப் பாக்கத்தானே புள்ளய வெச்சிருக்கு" என்றார் நானா.

எனக்கு முகம் சுட்டது. வலை கிழிந்தால் கூட வந்தவனின் பிழை, வள்ளம் தரை தட்டினால் வற்றுத் தண்ணீரின் பிழை, மீன் படாவிட்டால் இழுவைமடி வலைக்காரனின் பிழை என்றே வாழ்ந்தவன் நான். என் பிழை என்று எவன் முன்னாலும் நான் நின்றதில்லை. இருபது வயதில், நாலடி பத்து அங்குலத்தில், நீ நின்றாய். எனக்கு அன்று வந்தது பெருமை இல்லை, வெட்கம். அதனால்தான் உன்னிடம் வந்து நல்லதாய் ஒரு வார்த்தை சொல்லாமல், "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனேன்.

அடுத்த வருடம் அதே வாவியில் நீங்கள் வென்றீர்கள். அதுவரை இங்கிலிசிலும் சிங்களத்திலும் கத்திக்கொண்டு வந்த நீ கடைசி இருபது இழுப்புக்குத் தமிழுக்கு மாறினாய். "வலி! வலி! இன்னும் வலி!" எட்டுப் பேரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் தெரிந்திருந்தது. நீ சொல்லச் சொல்ல வள்ளம் எகிறியது. பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனிதர், யாருடையவோ தகப்பன், என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். விளங்காமலே "மகே துவ" என்றேன். என் மகள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அது மட்டும்தான் அன்றைக்குத் தேவைப்பட்டது.

இனி எழுதப்போவதைத்தான் இவ்வளவு நேரமும் தள்ளிக்கொண்டு வந்தேன்.

நீ கம்பஸ் முடித்த வருடம் நாட்டு அணிக்குத் தேர்வு வந்தது. தெரிவானால் வெளிநாட்டுப் போட்டி. அதே கிழமையில் இங்கே பட்டதாரிகளுக்கு அரசாங்க வேலைக்கு நேர்முகப் பரீட்சை. நீ தேர்வுக்குத்தான் நிற்பேன், நேர்முகத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாய். உன் அண்ணன் பிரான்சுக்குப் போய் அப்போது ஏழு வருடம். அவன் பிள்ளை நடக்கப் பழகியதையும் நாங்கள் போனில்தான் பார்த்தோம். நீயும் போனால் போனதுதான் என்று எனக்குள் ஒரு பயம் ஏறிவிட்டது. பயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ என்னோடு வாதாடியிருப்பாய். வாதாடினால் நீதான் வெல்லுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது உனக்குப் போன் எடுத்து, "பிள்ளை, எனக்கு நெஞ்சுக்குள்ள நோகுது. இருப்பனோ தெரியாது. வா" என்று சொன்னேன்.

எனக்கு நெஞ்சு நோகவில்லை ஜெனி. அன்றைக்கும் நோகவில்லை, அதற்கு முதலும் நோகவில்லை.

நீ வாயில் கேள்வி ஒன்றும் இல்லாமல் வந்தாய். ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை. ஆசுபத்திரி வாங்கில் என்னோடு இருந்தாய். நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கவனமாக இருங்கோ என்று டொக்டர் சொன்னார். அந்த "ஆனால்" எனக்குப் போதுமாக இருந்தது. வீட்டில் கஞ்சி வைத்து, ஊதி ஊதி எனக்குப் பருக்கினாய். அம்மாவுக்கும் நான் உண்மை சொல்லவில்லை. அவவும் உன்னோடு சேர்ந்து பயந்தா. தேர்வு நடந்த காலையில் நீ சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாய். பிறகு எழும்பிப் போய், தோய்த்துக் காய்ந்து மடித்து வைத்திருந்த உடுப்புகளை எல்லாம் எடுத்துக் கிணற்றடியில் திரும்பத் தோய்த்தாய். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த நேரத்திலாவது எழும்பி வந்து சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் கழித்து நேர்முகத்துக்குப் போனாய், வேலை கிடைத்தது. இரண்டு மாதம் கழித்துப் போனை என்னிடம் நீட்டி, "இஞ்ச பாருங்கோ அப்பா, எங்கட ஆக்கள்" என்று ஒரு படம் காட்டினாய். எட்டுப் பேரும் வெளிநாட்டு விமான நிலையத்தில் ஒரே மாதிரிக் கோட்டுப் போட்டு நின்றார்கள். நடுவில் உன் இடத்தில் வேறு ஒரு சின்னப் பிள்ளை. "நல்லாயிருக்கு" என்று சொன்னேன்.

நானாட்டானில், அந்த அரசாங்கக் கந்தோரில் நீ வேலை செய்த காலத்தை நீ வீண் என்று நினைக்கிறாயோ தெரியாது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு முதலில் என்று கமக்காரர் கூட்டத்தில் ஆளையாள் அடிக்கக் கதிரை தூக்கின கதையை உன் கந்தோர்ப் பியோன் எனக்குச் சொன்னார். ஐயாமார் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த, நீ மேசைக்குப் பக்கத்தில் நின்று, "எல்லாரும் இருங்கோ! ஒராள் ஒராளாய்க் கதையுங்கோ!" என்று ஒரு சத்தம் போட்டாயாம். வெளியில் உழவு யந்திரத்தை உறுமவிட்டுக்கொண்டு நின்றவனும் எஞ்சினை நிறுத்திவிட்டானாம். அந்தக் கூட்டம் அன்றே முடிவுக்கு வந்ததாம். அதைக் கேட்டுப் பள்ளிமுனை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உன் குரலை நான்தான் வாவியிலிருந்து பிடுங்கிக் கந்தோருக்குள் வைத்தேன் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு கொழும்புக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு நீ திரும்பப் போனாய். உன் இடத்தில் வேறு ஆள் இருந்தது. புதிதாக வலிக்கப் பழகுகிற பிள்ளைகளின் வள்ளத்தில் போய் இருந்தாய். உன்னிலும் ஏழு வயது குறைந்தவர்களுக்குத் தண்டைப் பிடிக்கக் காட்டிக்கொடுத்து, ஒரு வருடம் முழுக்கக் காத்திருந்து, அடுத்த தேர்வில் உன் இருக்கையை எடுத்தாய். இரண்டாம் முறை வெளிநாட்டுக்குப் போனபோது வெண்கலத்தோடு வந்தாய். பங்கு மண்டபத்தில் உனக்கு வரவேற்பு வைத்தார்கள். எனக்கும் மாலை போட்டு முன்வரிசையில் இருத்தினார்கள். பாதர் உன்னிடம், "நடுவில ரெண்டு வருசம் ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டார். நீ மைக்கைப் பிடித்து, "அது என்ர பிழை பாதர். அந்த நேரம் எனக்குத் துணிவு காணாமல் போச்சு" என்று சொன்னாய். சனம் கைதட்டியது. நானும் கைதட்டினேன்.

நீ என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நெஞ்சு வருத்தக்காரத் தகப்பனைச் சபையில் காரணம் காட்டக்கூடாது என்று நினைத்திருப்பாய். அன்றிலிருந்து இந்த மாலை போட்ட கழுத்தோடு நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதி உன் இரக்கத்தைக் கேட்கமாட்டேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அது உன் பிழை இல்லை. உனக்குத் துணிவு காணாமல் போகவில்லை. பயந்தது நான். வாவிக்கரையில் நீ உன்னுடைய பிழையைத்தான் சொன்னாய், அது சரி. மண்டபத்தில் என்னுடையதைச் சொன்னாய். அதை இன்றைக்குத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

போன ஞாயிறு நீ போன் வைத்த பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்து, "அவளுக்குச் சொல்லுங்கோ" என்றா. போன் எடுக்கிறேன் என்றேன். "போனில வேண்டாம். பாதியில நிப்பாட்டிப்போடுவீங்கள். எழுதுங்கோ. எழுதினதை நான் வாசிப்பன்" என்றா. முதல் எழுதிய இரண்டு கடிதத்தையும் அவ வாசித்துவிட்டு, "இதில நீங்கள் இன்னும் காரணம் சொல்லிக்கொண்டு இருக்கிறியள்" என்று திருப்பித் தந்தா. இது மூன்றாவது.

இப்போது என் உடம்பைப் பற்றி. சீனி வருத்தம் இருக்கிறது, குளிசை எடுக்கிறேன். போன மாதம் பிரஷர் கொஞ்சம் கூட, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்திருக்கிறேன். முழங்கால் நோவால் இப்போது தூரக் கடலுக்குப் போவதில்லை. நெஞ்சில் ஒன்றுமில்லை. நான் சொல்வதை நம்பு என்று கேட்கிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். அதனால் கிளினிக் கொப்பியின் கடைசி மூன்று பக்கத்தையும் போட்டோக் கொப்பி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். டொக்டரின் எழுத்தைப் பார். இனி எனக்கு ஏதும் வந்தால் உனக்கு அம்மாதான் அறிவிப்பா, நான் இல்லை. அப்படி எங்களுக்குள் பேசி முடித்திருக்கிறோம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. என்றாலும் தகப்பன் என்றபடியால் இரண்டொன்று. நீ கோச்சாக வந்த பிறகு, உன் பிள்ளைகளில் ஒருத்தி தேர்வுக்கு முதல் நாள் வந்து, வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள், அப்பாவுக்கு ஏலாதாம் என்று சொல்லுவாள். அவளைப் போகவிடு. தகப்பன் பொய் சொல்கிறான் என்று நினைக்காதே, பத்தில் ஒன்பது பேர் உண்மைதான் சொல்லுவார்கள். ஆனால் அவள் திரும்பி வருகிற நாளில் அவளுக்கு இருக்க ஒரு வள்ளம் வைத்திரு. உனக்குப் புதுப் பிள்ளைகளின் வள்ளமாவது இருந்தது. அது இருந்தபடியால்தானே இன்றைக்கு நீ இருக்கிறாய்? மற்றது, உன் பிள்ளைகளின் தாய் தகப்பனை ஒரு நாளைக்கு வாவிக்குக் கூப்பிட்டு அந்த ஓட்டத்தைக் காட்டு. கண்ணால் காணாதவனுக்குத்தான் பயம் அதிகம். நான் இரண்டு தரம் கண்டும் பயந்தவன். என்றாலும் பலருக்கு ஒரு தரம் போதும்.

அங்கே குளிர் என்று சொன்னாய். தண்ணீர் உறைகிற நாளில் எப்படி வள்ளம் விடுவார்கள் என்று எனக்கு அறிய ஆசை. போய்ப் பார்த்து எழுது. படம் மட்டும் அனுப்பாதே. காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, தண்ணீர் என்ன நிறம் எல்லாவற்றையும் எழுது. நான் இங்கிருந்து உனக்குக் குறை சொல்ல ஏதாவது வேண்டும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அம்மாவே பஸ்ஸில் கொண்டு வருகிறா. நீ வாசித்து முடியும்வரை ஒன்றும் கதைக்காமல் பக்கத்தில் இருப்பா. இடத்தை ஏற்றுக்கொள்கிற படிவத்துக்கு வருகிற கிழமை வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று நீ அவவிடம் சொன்னாயாம். அவ அதற்கு முதல் புதன்கிழமை காலையில் வந்து சேருவா. உனக்கு இரண்டு நாள் இருக்கிறது. புதன்கிழமை முழுக்க என்னோடு கோபமாக இரு. என்ன வாயில் வருகிறதோ அதை அம்மாவிடம் சொல், அவ ஒன்றும் விடாமல் வந்து எனக்குச் சொல்லுவா. வியாழக்கிழமை காலையில் முகத்தைக் கழுவிவிட்டு இருந்து, படிவத்தை நிரப்பு.

அப்பா